இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இல்லை: கலிஃபோர்னியாவில் யூஎம் கிளெய்ம் நடத்தும் விதம்

கார் பாலிசியின் டிக்ளரேஷன்ஸ் பக்கத்தை (எந்த கவரேஜ் எவ்வளவு என்று சொல்லும் பக்கம்) எடுத்து, 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்', சுருக்கமாக யூஎம், என்ற வரியைப் பாருங்கள். 30/60 என்று இருக்கிறதா, 100/300 என்று இருக்கிறதா, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? கிளெய்மின் பாதி முடிவு அந்த வரியிலேயே இருக்கிறது. 30/60 என்றால் ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர், ஒரு விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் சேர்த்து 60,000. கலிஃபோர்னியாவில் கம்பெனி இந்த கவரேஜைத் தர முன்வந்தே ஆக வேண்டும். உங்கள் கையெழுத்து இல்லாமல் அதை நீக்க முடியாது. ஆனால் மலிவான பாலிசி தேடும் அவசரத்தில் பலர் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

இடித்தவர் மேல் தவறு, அவரிடம் இன்சூரன்ஸ் இல்லை என்றால், அவர் தந்திருக்க வேண்டிய மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவற்றை உங்கள் கம்பெனியே தருவதுதான் யூஎம். இத்தனை வருடம் பிரீமியம் வாங்கிய கம்பெனி இப்போது இடித்தவரின் இடத்தில் நிற்கிறது. கிளெய்மைப் பரிசீலிக்கும் கம்பெனி ஆளான அட்ஜஸ்டர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், தொகை என்று வரும்போது அவர் எதிர்த் தரப்பு. இதை முதல் நாளே மனதில் வைத்துக்கொண்டவர்களுக்குக் கிளெய்ம் ஒழுங்காக நடக்கிறது.

சாலையிலேயே செய்ய வேண்டியவை: நம்பர் பிளேட், லைசென்ஸ், அவர் காட்டும் இன்சூரன்ஸ் கார்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். கார்டு கையில் இருக்கும், பாலிசியோ பிரீமியம் கட்டாமல் ரத்தாகியிருக்கும். இது அடிக்கடி நடக்கிறது. "போலீஸ் வேண்டாம், கையில் பணம் தருகிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடித்துவிட்டு ஓடிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார், 30 நாட்களுக்குள் உங்கள் கம்பெனிக்கு சத்தியப் பிரமாண வாக்குமூலம், இரண்டும் வேண்டும். அந்த வண்டி உங்களையோ உங்கள் வண்டியையோ தொட்டிருக்கவும் வேண்டும். குறுக்கே வந்த வண்டியைத் தவிர்க்கப் போய் நீங்கள் தடுப்புச் சுவரில் மோதி, அது தொடாமலே போயிருந்தால் யூஎம் கிடைக்காது. லேசான உரசல் என்றாலும் ஒட்டிய பெயின்ட்டைப் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

யாருக்காவது அடிபட்டாலோ, சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ, 10 நாட்களுக்குள் டிஎம்வியில் (மாநில வாகனத் துறை) எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவம் தர வேண்டும். போலீஸ் ரிப்போர்ட் இருந்தாலும் இது தனி.

பிறகு சிகிச்சை. இங்கேதான் பல கிளெய்ம்கள் கரைகின்றன. கழுத்து வலியை ஐபுப்ரோஃபென் போட்டுச் சமாளித்துவிட்டு ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் போனால், "இந்த வலி விபத்தால் வந்ததுதானா?" என்று அட்ஜஸ்டர் கேட்பார். ஓரிரு நாளிலேயே போய், எந்த இடத்தில் வலி, எதைத் தூக்க முடியவில்லை, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று சொல்லிப் பதிவாக்குங்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வது அப்படியே டாக்டரின் குறிப்பில் ஏறிவிடும்.

இடித்தவரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் போதாது என்றால் அது அண்டர்இன்ஷூர்டு, யூஐஎம். கலிஃபோர்னியாவின் கணக்கு இதில் கொஞ்சம் கொடுமையானது. உங்கள் இழப்பு 1,50,000 டாலர், அவருடைய பாலிசி 30/60, உங்களுடையது 100/300 என்று வையுங்கள். அவர் தரப்பு 30,000 தரும். உங்கள் கம்பெனி 1,00,000 தராது. அதில் அந்த 30,000-ஐக் கழித்து, அதிகபட்சம் 70,000 மட்டும் தரும். உங்களுடையதும் 30/60 என்றால் யூஐஎம்மில் ஒரு டாலர்கூட வராது. 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச லயபிலிட்டி (இடித்தவர் அடுத்தவருக்குத் தரும் கவரேஜ்; மூன்றாவது எண் பொருள் சேதத்துக்கு) 15/30/5-இலிருந்து 30/60/15 ஆகியிருப்பதால், 30/60 யூஐஎம் வைத்திருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் ஒன்றுதான். குறைந்தது 100/300 வையுங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். மற்ற பாலிசிகளின் வரம்புக்கு மேல் கூடுதலாக எடுக்கும் அம்பிரெல்லா பாலிசி இருக்கிறதே என்று நினைத்தால், அதில் யூஎம் பொதுவாகத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

யூஐஎம் கேட்க, முதலில் அவருடைய பாலிசி முழுத் தொகையும் வாங்கியிருக்க வேண்டும். அவர் தரப்பு நீட்டும் ரிலீஸ் பத்திரத்தில் (இனி எதுவும் கேட்கமாட்டேன் என்ற ஒப்புதல்) கையெழுத்துப் போடும் முன் உங்கள் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் கேட்ட "ஓகே" பிறகு எங்கும் இருக்காது.

வண்டிச் சேதம் வேறு கணக்கு. கொலிஷன் கவரேஜ் (மோதலில் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கானது) இல்லாதவர்களுக்கு யூஎம் பிராப்பர்ட்டி டேமேஜ் 3,500 டாலர் வரைதான். கொலிஷன் இருந்தால், டிடக்டிபிள் வெய்வர் வாங்கி வைத்தால் டிடக்டிபிள், அதாவது நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, மிச்சமாகும். இரண்டுக்கும் இடித்தவரோ அந்த வண்டியின் நம்பரோ தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஓடிப்போனால் இரண்டும் கிடையாது. தவறு உங்கள் மேல் இல்லாத விபத்துக்காக பிரீமியம் ஏற்றுவது கலிஃபோர்னியாவில் சட்டப்படி கூடாது. அந்த பயத்தில் கிளெய்மை விட்டுவிடாதீர்கள்.

தொகையில் ஒத்துவராவிட்டால் கோர்ட்டுக்குப் போவதில்லை, ஒரே ஒரு நடுநிலை ஆர்பிட்ரேட்டரிடம் (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்புச் சொல்லும் நடுவர்) போகிறது. யூஎம்மில் விபத்து நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: தொகை எவ்வளவு என்று உடன்பாடு, இடித்தவர் மேல் வழக்கு, அல்லது ஆர்பிட்ரேஷன் கேட்டு சர்ட்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரிசீட்டோடு, கம்பெனிக்குக் கடிதம். அட்ஜஸ்டருடன் நல்லபடியாக ஈமெயில் போய்க்கொண்டிருப்பது இந்த மூன்றில் எதுவும் இல்லை. எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ இருந்தால், இந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே வக்கீலைப் பிடித்துவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா விஷயம் ஒன்று. உங்கள் காரில் உட்கார்ந்திருக்கும்போது அடிபட்டால் அவர்களுக்கும் உங்கள் யூஎம் உண்டு. வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் குடும்பத்தாருக்கு, நடந்து போகும்போது அடிபட்டாலும் உண்டு. ஆறு மாத விசாவில் வந்தவர் 'வசிப்பவரா' என்பதில் கம்பெனி தகராறு செய்ய இடமிருக்கிறது. மாலை நடைக்குப் போகும் பெற்றோருக்கு விபத்துச் சிகிச்சையும் சேர்ந்த விசிட்டர் இன்சூரன்ஸை அவர்கள் விமானம் ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள்.