ஆன்டி டிபிஓ எண்ணும் அம்மையின் கேள்வியும்

பங்குனி வெயிலில் பாளையங்கோட்டையே கொதிக்கும்போது, எனக்கு மட்டும் ஃபேன் காற்றுக்குக் கை கால் சில்லிட்டது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. எவ்வளவு தூங்கினாலும் அசதி தீரவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். தைராய்டு சுரப்பியில் கோளாறு இருக்கலாம் என்று டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, கூடவே ஆன்டி டிபிஓ என்று மூன்று ரத்த டெஸ்டுகளை எழுதிக் கொடுத்தார்.

தைராய்டை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன்தான் டி.எஸ்.எச்.; தைராய்டு சுணங்கினால் இது ஏறும். எனக்கு அது 12 இருந்தது. பெரியவர்களுக்குச் சுமார் 4 வரை இருக்கலாம். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு. ஆன்டி டிபிஓ 640; அந்த லேபில் 34-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த அம்மை, "ஏட்டி, இம்புட்டு இருக்கே, இத எப்படிக் குறைக்கது?" என்றாள். என் மனதிலும் அதே கேள்விதான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தைராய்டு ஹார்மோன் உருவாக டிபிஓ என்ற நொதி வேண்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சொந்தத் தைராய்டையே பகையாக எண்ணித் தாக்கும்போது, அந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் தெரிகிறது. அதுதான் ஆன்டி டிபிஓ. சுரப்பி சுணங்கியதற்கு என்ன காரணம் என்பதை இந்த டெஸ்ட் சொல்லிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. எண் 640 என்றாலும் 1,300 என்றாலும் மாத்திரை அளவு அதை வைத்து முடிவாவதில்லை, டி.எஸ்.எச். பார்த்துத்தான். அதனால் ஆன்டிபாடி டெஸ்டை மாதா மாதம் எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம் என்றார். எனக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

இந்த நோய்க்கு ஹஷிமோட்டோ என்று பெயர். 1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர், நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து முதலில் எழுதினார். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயும் இதே வகைதான். ஆனால் அதற்குப் பார்க்கும் ஆன்டிபாடி வேறு, டி.எஸ்.எச். ரிசப்டார் ஆன்டிபாடி.

குறைகிற தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரையை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள். மாத்திரை போடுவது எளிது, காப்பியைத் தள்ளிப் போடுவதுதான் பெரும்பாடு. விடியுமுன் கருப்பட்டிக் காப்பி மணக்கிற வீடு எங்களுடையது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காப்பி, டீ, பலகாரம் எதுவும் கிடையாது. காப்பியோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சத்துக் குறைவுக்கு நான் சாப்பிட்டு வந்த இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார்கள். இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்து தொடங்கினாலோ அளவு மாறினாலோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்தால் உண்மை நிலை தெரியாது. எனக்கு 75-க்குக் கூட்டிய பிறகு டி.எஸ்.எச். 2.6-க்கு வந்தது. அசதி மெல்லக் குறைந்தது. முடி தேற இன்னும் அதிக நாள் பிடித்தது.

முட்டைக்கோசைத் தொடாதே, மரச்சீனிக் கிழங்கைத் தொடாதே என்று தெருவே புத்தி சொன்னது. வேகவைத்து அளவோடு சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். அயோடின் உப்பும் வழக்கம்போலத்தான். ஆனால் அயோடின் மாத்திரை, கடல்பாசிப் பொடி என்று தனியாக எதுவும் எடுக்கக் கூடாது, ஹஷிமோட்டோவை அது மோசமாக்கலாம். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள், ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும்.

இது குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கச்சியையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு ஆன்டிபாடி இருக்கிறது, டி.எஸ்.எச். இயல்பு. "எக்கா, அப்போ எனக்கும் மாத்திரையா?" என்று போனிலேயே கலங்கினாள். இப்போதைக்கு வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். பார்த்தால் போதும் என்று அவளுடைய டாக்டரும் சொல்லிவிட்டார். பிள்ளை உண்டானால் மட்டும் உடனே வந்து சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் குழந்தைக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் கிடைக்கும். அதை அவள் கணவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.