வெயிலூரில் பீர் கிளாஸ்: மூன்று வாரம் செய்து பார்த்தது

எங்கள் வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்வதில்லை. அக்னி நட்சத்திரத்தில், சத்துவாச்சாரி மொட்டை மாடி அறையில், ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் காற்றிலேயே 36 டிகிரி. பீர் ஊற்றும் முன் கிளாஸை எவ்வளவு குளிரவைக்க வேண்டும்? அங்கே உட்கார்ந்துதான் இந்தச் சோதனை. சமையலுக்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர், கைப்பிடி வைத்த கனமான கிளாஸ் இரண்டு, வாரத்துக்கு ஒரு 650 மில்லி லாகர் பீர் பாட்டில், அதை மச்சானும் நானும் ஆளுக்குப் பாதி. அதற்கு மேல் வீட்டில் அனுமதி இல்லை.

முதல் வாரம் அலமாரியில் இருந்த கிளாஸ். கிளாஸைக் குளிரவைக்காதே, அறைச் சூடே போதும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர்கள் அறை 20 டிகிரி. பாட்டிலில் 5 டிகிரியில் இருந்த பீர், ஊற்றின கையோடு 11 ஆகிவிட்டது. 400 கிராம் கண்ணாடி பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை பீர் தலையில் கட்டிவிடுகிறது. நுரை வேறு பாதி கிளாஸுக்கு எழும்பி, அடங்குவதற்குள் கஷாயம்.

இரண்டாவது வாரம் ஃப்ரீசர். "கிளாஸ் புகையணும் மாமா" என்பது மச்சானின் கட்சி. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. எடுத்ததும் வெள்ளையாகப் பூத்து நின்றது, நகத்தால் பேர் எழுதலாம். ஆனால் உள்பக்கமும் அதே பனிதானே? அந்தச் சொரசொரப்பில் பட்டதும் கேஸெல்லாம் நுரையாகப் பொங்கி மேஜைக்கு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது 2 டிகிரி. நாக்கு மரத்துப்போய் கசப்பும் தெரியவில்லை, மால்ட் (முளைகட்டிய பார்லி) வாசமும் தெரியவில்லை. தெரிந்த ஒரே வாசம், ஞாயிற்றுக்கிழமைக்காக ஃப்ரீசரில் வைத்திருந்த ஆட்டுக்கறி. பனியில் ஏறி, உருகி, பீரில் இறங்கியிருக்கிறது. மச்சான் அதை சைடிஷ் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மூன்றாவது வாரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, தயிர்ப் பாத்திரம் பக்கத்தில், இரண்டு மணி நேரம். ஊற்றும் முன் உள்ளே தண்ணீர் விட்டு அலசி உதற வேண்டும். ஈரக் கண்ணாடியில் பீர் வழுக்கி இறங்கும், நுரை அளவாக நிற்கும். குழாய்த் தண்ணீர் ஆகாது. மே மாதம் மாடித் தொட்டியில் இருந்து வருவது வெந்நீர்! ஃப்ரிட்ஜ் பாட்டில் தண்ணீரிலேயே அலசினேன். கிளாஸைச் சாய்த்து ஊற்றினால் 6 டிகிரி, இரண்டு விரல் நுரை. பத்து நிமிஷத்தில் 9 வரை ஏறியது. எனக்குப் பிடித்தது அந்த 7, 8-இல் இருக்கும் நாலைந்து வாய்தான். குளிர்ச்சியும் இருக்கிறது, கசப்பும் எட்டிப் பார்க்கிறது.

மச்சான் இன்னும் ஃப்ரீசர் கட்சிதான். அடுத்து ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் கிடைத்தால் பார்க்க வேண்டும். அதை 10, 12 டிகிரியில் குடிப்பார்களாம். அதற்கு மட்டும் அந்த அலமாரி கிளாஸே சரியாக இருக்கும்போல.