மின்காருக்கு வீட்டில் சார்ஜர் வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மின்கார் வாங்கப் போகிறவருக்கு விற்பனையகத்தார் முதலில் காட்டுவது, சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் பெட்டியைத்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வீட்டில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பெட்டி கடைசியில் வர வேண்டிய பேச்சு. வீட்டுக்குள் மின்சாரம் எவ்வளவு வருகிறது, அதில் எவ்வளவு ஏற்கெனவே செலவாகிறது, மீதியில் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கை முதலில் போட வேண்டும். அதைப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்கு 16 ஆம்பியரே தாராளம் என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள் என்பது என் கருத்து.

சாட்ஸ்வொர்த்தின் வீடுகளுக்கு ஒரு பின்கதை உண்டு. நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ், மேகசின் பாரக்ஸ் முதலிய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்காக 1960களில் கட்டப்பட்ட ஊர் இது. அன்று இரண்டு மூன்று விளக்குகளையும் ஓர் அடுப்பையும் மனத்தில் வைத்துப் போடப்பட்ட வயரிங், பிள்ளைகள் வளர, பின்பக்கம் ஓர் அறை, மாடியில் ஓர் அறை, மருமகளுக்குத் தனிச் சமையற்கட்டு என்று வீடு நீண்டபோதெல்லாம், கூடவே ஒட்டுப்போட்டு நீட்டப்பட்டது. என் மாமனார் வீடும் அப்படித்தான். ஒரே வீட்டுக்குள் மூன்று காலகட்டங்களின் வயர்கள் ஓடுகின்றன.

எங்கள் வீட்டின் முதன்மை பிரேக்கர் 60 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 13.8 கிலோவாட். கீசர் 3 கிலோவாட், அதாவது 13 ஆம்பியர். மாலையில் ஓவன் அடுப்பும் இரண்டு அடுப்புத் தட்டுகளும் சேர்ந்து எரிந்தால் இருபது ஆம்பியருக்கு மேல் போய்விடும். தேநீருக்குக் கெட்டிலைப் போட்டால் இன்னுமொரு ஒன்பது, பத்து. இவற்றின் மேல் 32 ஆம்பியர் இழுக்கும் அந்த 7.4 கிலோவாட் சார்ஜரை ஏற்றினால் மொத்தம் எழுபத்தைந்தைத் தாண்டுகிறது. முதன்மை பிரேக்கர் விழும். வீடு முழுவதும் இருட்டாகும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா என்று கேட்கலாம். குளிர்காலத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் மாலை ஆறரை மணிக்கு எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், ஓடும்.

இனி, காருக்கு உண்மையில் எவ்வளவு தேவை? சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லாங்காவுக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வந்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடும். நடுத்தர அளவுள்ள மின்கார் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் அளவில் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், அதற்கு 11 யூனிட் வேண்டும். ஏற்றும்போது வீணாகும் பங்கையும் சேர்த்து 12 அல்லது 13 யூனிட். 16 ஆம்பியரில் ஏற்றினால் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி அதிகாலை ஐந்து மணிவரை விட்டால் 25 யூனிட் ஏறும். அது 140 கிலோமீட்டருக்கு மேல் தாங்கும். டர்பனில் எந்தக் குடும்பம் அன்றாடம் அவ்வளவு தூரம் ஓட்டுகிறது? ஜோகானஸ்பர்குக்குப் போகும்போது மட்டும் கதை வேறு. கடல் மட்டத்திலிருந்து வான் ரீனன் கணவாய்க்கு ஏறும் அந்த மேட்டில் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். ஆனால் அதற்கு வேண்டியது என்3 நெடுஞ்சாலையில் உள்ள டிசி அதிவேக சார்ஜர்கள். வீட்டுச் சுவரில் 32 ஆம்பியர் இருப்பதால், அந்த வழியிலுள்ள ஹாரிஸ்மித்தில் ஒரு பயனும் இல்லை.

அப்படியானால் காரோடு வரும் கையடக்கக் கேபிளைச் சாதாரண மூன்று முள் சாக்கெட்டில் சொருகினால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நம் வட்ட முள் சாக்கெட் பெயரளவில் 16 ஆம்பியர் தாங்கும்தான். ஆயினும் அது கெட்டில், இஸ்திரிப் பெட்டி போலச் சில நிமிடங்கள் இழுத்துவிட்டு நிற்கும் சாமான்களுக்காக வீடுகளில் வைக்கப்பட்டது. எட்டு மணி நேரம் இடைவிடாமல் பத்து ஆம்பியர் இழுத்தால், தளர்ந்துபோன பழைய சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடிப்பு சூடேறும். சூடேறினால் மேலும் தளரும். தளர்ந்தால் மேலும் சூடேறும். புதிய சாக்கெட்டாக, அதற்கென்று தனி வயருடன் இருந்தால் அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். மல்டிபிளக்கிலோ நீட்டிப்புக் கம்பியிலோ சொருகி இரவெல்லாம் விடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் மாமியாரின் கவலை வேறு விதமானது. "மாப்பிள்ளை, மழையில் கார் நனைந்துகொண்டு நிற்கும்போது அந்த வயரைத் தொட்டால் ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். டர்பன் மழையைப் பார்த்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். உண்மையில் சுவரில் இருக்கும் பெட்டி பேட்டரியை நேரடியாக ஏற்றுவதில்லை. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றிப் பேட்டரிக்குள் அனுப்பும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியோ ஒரு காவலாளி. டைப் 2 பிளக்கில், மின்சாரம் பாயும் முள்களோடு, செய்திக்கென்று ஒரு சிறிய முள் உண்டு. அதில் பெட்டி 12 வோல்ட் அளவுள்ள ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. கார் இணைந்துவிட்டது, தயாராகவும் இருக்கிறது என்பதை அந்த வோல்ட் குறைவதைக் கொண்டு பெட்டி அறிந்துகொள்கிறது. அதன் பிறகே உள்ளே இருக்கும் காண்டாக்டர் எனும் சுவிட்ச் 'டக்' என்று மூடி, 230 வோல்ட் கேபிளுக்குள் வருகிறது. பிளக் காரில் இல்லாதபோது கேபிளின் முனையில் மின்சாரமே இல்லை. "அப்படியென்றால் சரி, ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள்" என்றார் அவர். அதுவும் நல்ல யோசனைதான்.

அதே சமிக்ஞைதான் அளவையும் சொல்கிறது. நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்கும் அந்த அலை, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதைக் கொண்டு, எத்தனை ஆம்பியர்வரை எடுக்கலாம் என்று கார் தெரிந்துகொள்கிறது. 27 விழுக்காட்டு நேரம் உயர்ந்து நின்றால் 16 ஆம்பியர். 53 விழுக்காடு என்றால் 32. ஆகவே 32 ஆம்பியர் பெட்டியை வாங்கி 16க்கு அமைத்து வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. கார் அதை மீறுவதில்லை. வீட்டின் முதன்மை வயரைச் சுற்றி ஓர் அளவுமானியை மாட்டிவிட்டால், கீசர் ஓடும்போது காருக்கு 8 ஆம்பியர், எல்லோரும் தூங்கிய பிறகு 32 என்று பெட்டி தானே மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. வாங்குவதாக இருந்தால், கூடுதல் பணத்தை இதற்கே கொடுக்கலாம். கைப்பேசிச் செயலியில் தெரியும் வண்ண வரைபடங்களுக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

விலை கேட்டபோது, முதலில் வந்த ஒருவர், வீட்டு பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி போர்டின் மூடியைக் கழற்றாமலேயே தொகையை எழுதிக் கொடுத்தார். கராஜிலிருந்து சுவர்வரை தூரத்தை அளந்தார், அவ்வளவுதான். அவரை நான் திரும்ப அழைக்கவில்லை. அடுத்து வந்த எலக்ட்ரீஷியன், அதே ஊர்ப் பையன், வந்ததும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். நியூட்ரல் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பித்தளைப் பட்டையில், கீசரின் நியூட்ரல் ஏறியிருந்த திருகுக்கு அருகே, கறுப்பு உறை காப்பி நிறமாக மாறி, விரல் நுனியளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. திருப்புளியை வைத்துத் திருப்பினார். முக்கால் சுற்றுக்குத் தளர்ந்திருந்தது. "அண்ணா, 3 கிலோவாட்டுக்கே இப்படி. இதே பட்டையில் இதைப்போல இரண்டு மடங்கை இரவு முழுக்க ஓட்டியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்" என்றார். புதிய போர்டு, புதிய பட்டை, மின்னல் அலையைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர், எர்த் இணைப்புச் சோதனை என்று அவர் சொன்ன தொகை, சார்ஜர் பெட்டியின் விலையை நெருங்கியது. அந்தப் பணம் காருக்காகப் போனது என்று நான் எண்ணவில்லை. கார் வராவிட்டாலும் அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டிய வேலைதான் அது.

எர்த் லீக்கேஜ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான். நம் வீடுகளில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் கருவி, போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று ஓர் இரும்பு வளையத்தின் வழியாகப் பார்க்கிறது. மாறுதிசை மின்சாரம் கசிந்தால் அதற்குத் தெரியும். ஆனால் காரின் உள்ளே நேர்திசை மின்சாரம் புழங்குகிறது. அங்கே பழுது ஏற்பட்டு ஒரு சிறு அளவு நேர்திசை மின்சாரம் கசிந்து வந்தால், அந்த வளையம் காந்தத்தால் நிறைந்து மரத்துப்போகும். பிறகு சமையலறையில் யாருக்காவது உண்மையாகவே ஷாக் அடித்தாலும் கருவி விழாமல் இருக்கக்கூடும். கார் நிற்பது கராஜில், ஆபத்து அடுப்படியில். ஆகையால் 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் சார்ஜரின் இணைப்புக்கு டைப் பி வகை எர்த் லீக்கேஜ் கருவியைத் தனியாகப் போட வேண்டும், அதன் விலை கொஞ்சம் திகைக்க வைக்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் சார்ஜரை வீட்டின் பழைய எர்த் லீக்கேஜுக்குப் பின்னால் கோக்காமல், முன்னாலிருந்தே தனி பிரேக்கர், தனிக் கசிவுப் பாதுகாப்பு என்று பிரித்து எடுத்தார். கார் பக்கம் எது விழுந்தாலும் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

கேபிளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் 25 மீட்டர் என்றால், 4 சதுர மில்லிமீட்டர் செம்பில் 32 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 9 வோல்ட் வழியிலேயே கரைகிறது; 6 சதுர மில்லிமீட்டரில் அது 6 வோல்ட்டுக்குக் குறைகிறது. இன்றைக்கு 16 ஆம்பியர்தான் என்றாலும், சரிவான பாதையைத் தோண்டிக் குழாய் பதிக்கும் செலவு ஒருமுறைதான் வர வேண்டும் என்பதால் தடித்த கேபிளையே, கவசமிட்ட வகையில், போட்டோம். பெட்டியோடு நிரந்தரமாகத் தொங்கும் கேபிள் உள்ள மாதிரியை நான் தவிர்த்தேன். செம்புத் திருட்டு நம் நாட்டில் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. சாக்கெட் உள்ள பெட்டி என்றால், ஏற்றும்போது கேபிள் இரு முனையிலும் பூட்டிக்கொள்ளும். முடிந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். சில்வர்கிளென் காட்டுப் பக்கத்திலிருந்து கூரைமேல் நடந்து வரும் குரங்குகளுக்கும் இழுத்து விளையாட ஒன்றும் மிஞ்சாது.

மின்வெட்டுக்குப் பழகிய நாம் எல்லோரும் கேட்பது, கரண்ட் போனால் என்ன செய்வது என்பது. 2023 போன்ற ஆண்டு மீண்டும் வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 2024 மார்ச் இறுதியில் நின்ற லோட்ஷெடிங் 2025 முற்பாதியில் சில நாட்கள் தலைகாட்டிவிட்டுத்தான் போனது. அந்த ஆண்டுகளில் கூரையில் சோலார் தகடும் இன்வர்ட்டரும் வைத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சார்ஜரை இன்வர்ட்டரின் காப்பு மின்சாரம் போகும் பக்கத்தில் இணைக்காதீர்கள். வீட்டு பேட்டரி 5 யூனிட், கார் பேட்டரி 60 யூனிட்; வெட்டு வந்த ஒரு மணி நேரத்தில் கார் அந்த ஐந்தையும் உறிஞ்சிவிட்டு இன்னும் கேட்கும், விளக்கெரிய ஒன்றும் இராது. பகலில் வெயிலைக் கொண்டு ஏற்ற நினைப்பவர்கள், தரத்தின்படி கார் எடுக்கும் மிகக் குறைந்த அளவு 6 ஆம்பியர், அதாவது 1.4 கிலோவாட் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேகம் மூடித் தகடு அதற்குக் கீழே இறங்கினால், மீதியை வெளி மின்கட்டமைப்பிலிருந்து வாங்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றம் நின்றுபோகும். முன்பணம் கட்டும் மீட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு சிறு தொல்லை உண்டு. மீட்டரில் இருப்பது பத்து யூனிட்டாக இருக்க, கார் பன்னிரண்டு கேட்டால், நள்ளிரவில் யாராவது எழுந்து இருபது இலக்க டோக்கனைக் கைப்பேசி வெளிச்சத்தில் தட்ட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடமிருந்து, வயரிங் விதிப்படி இருக்கிறது என்று உறுதி சொல்லும் சிஓசி சான்றிதழை வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் மின்நிறுவல் விதிகளின்படி, இருக்கும் வயரிங்கில் எதைக் கூட்டினாலும் அந்தப் பகுதிக்குச் சான்றிதழ் வேண்டும். அதை வேலைவாய்ப்பு, தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவர் மட்டுமே தர முடியும். சான்றிதழோடு சோதனை அறிக்கையும் இணைந்திருக்க வேண்டும்; அதில் எர்த் லூப், காப்புத் தடை, எர்த் லீக்கேஜ் விழும் அளவு ஆகியவற்றுக்கு எதிரே உண்மையான எண்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் சரிக்குறி மட்டும் போட்டிருந்தால், மானியை எடுத்து உங்கள் முன்னாலேயே அளந்து எழுதச் சொல்லுங்கள். எங்களவர் சொல்வதற்கு முன்பே அளந்து எழுதித் தந்தார். அதன் நகல் ஒன்றை அன்றே வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றொன்றை டிபி போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன்.