கொட்டியாரக் குடாவில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் தூண்டில்: குழுவைக் கூட்டிப் போகிறவருக்கு

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதிதான். ஆனால் கச்சான் காற்று வீசுவதும் அப்போதுதான். மேற்கிலிருந்து வருவதால் கரையோரத் தண்ணீர் தட்டையாகவே கிடக்கும். வெளியே போகப் போகத்தான் தள்ளல் தெரியும். திரும்பித் துடுப்பு வலிக்கையில் ஆட்கள் களைத்து விழுவார்கள். விடியலில் இறங்கி, காற்று பலக்குமுன் கரை சேருங்கள்.

ஆறு கயாக்குக்கு இரண்டு வழிகாட்டிகள்: ஒருவர் முன்னால், மற்றவர் கடைசி ஆளுக்கும் பின்னால். லைஃப் ஜாக்கெட்டோடு நெஞ்சளவுத் தண்ணீரில் ஒவ்வொருவரையும் கவிழ்த்து, தாங்களாக ஏறச் சொல்லிப் பாருங்கள். ஏற முடியாதவர் அன்று வரவேண்டாம். இதில் தயவு தாட்சண்யமே கூடாது.

அதிகம் பிசகுவது நங்கூரத்தில். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். நடுப்பக்கத்தில் கட்டினால் நீரோட்டம் இழுத்துச் சாய்த்துக் கவிழ்த்துவிடும். முன்முனையிலோ பின்முனையிலோ கட்டுங்கள், ஒரே இழுப்பில் கழரும் முடிச்சாக. கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கட்டும். குடாவுக்குள்ளேயே ஆழ்கடல் பள்ளம் ஏறி வருகிறது. அங்கே நங்கூரம் தரை தட்டாது. மிதந்தபடியே தூண்டில் போடுங்கள்.

சீலா மீனின் பல் தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) அறுக்கும், நுனிக்குக் கம்பி போடுங்கள். பிடிபட்டதை மடியில் வைக்காமல், குறட்டால் தூண்டிலைக் கழற்றுங்கள்.

வலை மிதவைகளுக்குக் கிட்டப் போகாதீர்கள், அது ஒருவரின் அன்றைய பிழைப்பு. புறாத்தீவு தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடத் தடை. உள்துறைமுகப் பக்கம் கடற்படையின் அனுமதியில்லாமல் திரும்பவே வேண்டாம்.