அண்ணன் நிறுத்திய மூன்றாம் நாள்

மே 11

நேற்று சம்பள நாள். அண்ணன் காசை அப்படியே அண்ணி கையில் கொடுத்துவிட்டு, மாரியம்மன் கோயிலில், இனிக் குடிப்பதில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். பதினைந்து வருடமாக, தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் கால் போத்தல் சாராயம் இறக்கிய மனிதர். கையில் காசில்லாத நாளில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். அம்மா பொங்கல் வைத்தார். நான் அழுதேவிட்டேன்.

இன்று காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவர் கை நடுங்கியது. எல்லாம் மனசுதான், பழகிவிடும் என்றோம்.

மே 13, அதிகாலை

தூக்கமே இல்லை. அண்ணன் கம்பளியிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். “இந்தா தங்கச்சி, எறும்பு. கீழ கொட்டிடாத” என்று என் கையில் கொட்டினார். கையில் ஒன்றுமில்லை. மேலெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. என்னைப் பார்த்து, செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

முனி பிடித்துவிட்டது, பூசாரியைக் கூப்பிடு என்கிறார் அம்மா. நான் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.

மே 14

வார்டில் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க முடியவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதைக் கேட்டபின் கோபம் வரவில்லை. தினமும் குடிக்கிறவரின் மூளையைச் சாராயம் அமுக்கியே வைத்திருக்கும். அதை எதிர்த்து மூளை தன்னை முடுக்கிக்கொண்டே போகும். ஒரே நாளில் சாராயத்தை எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கம், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இந்தப் பிதற்றல். உயிரே போகலாமாம். நிறுத்த வேண்டும்தான், ஆனால் நீண்டகாலம் நிறையக் குடித்தவர் டாக்டரிடம் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

கோயிலில் நாங்கள் கைதட்டாத குறையாக நின்றோமே. யாராவது ஒருவர் இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

மே 18

வைட்டமின் பி1 ஊசி போடுகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிடாமல் குடித்தே கிடந்தால் அது உடம்பில் வற்றி, ஞாபகமே போய்விடுமாம். இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எறும்பு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 22

வீட்டுக்கு வந்துவிட்டார். மாதாமாதம் கிளினிக்.

ஜூன் 8

கீழ் லயத்து வரிசை வீட்டு அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தன் வீட்டுக்காரரையும் சத்தியம் பண்ண வைக்கப் போகிறாராம். எல்லாவற்றையும் சொன்னேன், எறும்பையும்தான். நடுராத்திரியில் வழி தெரியாவிட்டால் அழைக்க 1926 என்ற இலங்கை மனநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் வெளியே வந்து, “நாளைக்கு நானே அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

நாளை மறுநாள் சம்பளம். சாராயத் தவறணையைத் தாண்டித்தான் வர வேண்டும். என்னைக் கூட வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 9

காலையில் அண்ணன் கிளம்பினார். பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார், கீழிருந்து மேலாக, மெதுவாக. கடைசிப் பொத்தானுக்கு மட்டும் அண்ணியைக் கூப்பிட்டார்.