பொலோன்யா: சந்தைக்குள் ஒரு சிற்பம்

ஃப்ளாரன்ஸிலிருந்து அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பொலோன்யா வந்துவிடும். ஆனாலும் நம் ஊரிலிருந்து இத்தாலி போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே இறங்குவதில்லை. ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், நேரமிருந்தால் பீசா கோபுரம், அதோடு விமானம் ஏறிவிடுகிறோம். இந்த நவம்பரில் நானும் என் தங்கையும் பொலோன்யாவுக்கென்றே போய்த் தங்கினோம். அதில் ஒரு முழு நாள், எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காத ஒரு சிறு குழுவில் கலையும் சாப்பாடுமாகச் சுற்றினோம். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இத்தாலியில் நான் பார்த்தவற்றிலேயே மனதை அதிகம் உலுக்கிய சிற்பம் பெரிய அருங்காட்சியகம் எதிலும் இல்லை, பழக்கடையும் மீன்கடையும் பாஸ்தா கடையும் நெருக்கியடிக்கிற ஒரு சந்தைத் தெருவில் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிய நாள் அது.

வழிகாட்டி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, கலை வரலாறு படித்த பெண்மணி. கையில் கொடி இல்லை, எங்கள் காதில் மாட்ட ஒலிக்கருவியும் இல்லை, பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசினார். குழுவில் கனடாவிலிருந்து வந்த வயதான தம்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், அப்பாவும் மகளுமாக இன்னும் இருவர், அப்புறம் நாங்கள். ஒரு சிலைக்கு முன்னால் எல்லோரும் வேண்டுமளவு நேரம் நிற்க முடிந்தது. ரோமில் ஐம்பது பேர் கொண்ட கூட்டத்தோடு போனபோது எனக்கு அது கிடைக்கவே இல்லை.

காலையில் தூறல். குடையை யாரும் விரிக்கவில்லை, விரிக்கத் தேவையும் இல்லை. ஊர் முழுக்க நடைபாதைக்கு மேல் வளைவுகளும் தூண்களுமாகக் கூரை போட்ட போர்ட்டிகோக்கள்தான், எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியூர் மாணவர்கள் வந்து குவிய, வீட்டு மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறை கட்டினார்கள், கீழே தூண் கொடுத்தார்கள். 1288இல் நகராட்சி, தெருவில் புதிதாக வீடு கட்டினால் போர்ட்டிகோ இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், நடக்கும் உரிமை எல்லோருக்கும். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

முதலில் சான் தொமெனிக்கோ தேவாலயம். 1221இல் இந்த ஊரில் இறந்த புனித தொமினிக்கின் பளிங்குக் கல்லறை அங்கே இருக்கிறது. கீழே இருக்கும் பேழையின் புடைப்புச் சிற்பங்களை 1260களில் நிக்கோலா பிசானோவின் பட்டறை செதுக்கியது. இருநூறு ஆண்டு கழித்து மேல்மூடியைச் செய்ய வந்த சிற்பிக்கு, அந்தக் கல்லறையை வைத்தே நிக்கொலோ தெல் ஆர்க்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. 1494இல் அவர் வேலையை முடிக்காமலே இறந்துபோனார். ஃப்ளாரன்ஸில் மெதிச்சி குடும்பத்தின் ஆட்சி கவிழ்கிற நேரத்தில் அங்கிருந்து கிளம்பி வந்திருந்த ஓர் இளைஞனிடம் மிச்ச வேலையைக் கொடுத்தார்கள். வயது பத்தொன்பது, பெயர் மைக்கேலாஞ்சலோ.

அவர் செய்தவை மூன்று சிறு உருவங்கள், எதுவும் ஒன்றரை முழத்தைத் தாண்டாது. ஊரின் பாதுகாவலரான புனித பெத்ரோனியோ கையில் பொலோன்யா நகரத்தையே ஏந்தி நிற்கிறார். இன்னொருவர் புனித புரோக்கொலோ. மூன்றாவது, மெழுகுவர்த்தித் தண்டைப் பிடித்து மண்டியிட்டிருக்கும் தேவதூதன். இதற்கு ஜோடியாக எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தேவதூதன் நிக்கொலோ செய்தது. வழிகாட்டி எது யாருடையது என்று சொல்லாமல் எங்களைப் பார்க்கவிட்டார். ஒன்று மெலிந்த முகமும் சுருள் முடியுமாக நளினமானது, மற்றது தோளும் கழுத்தும் திரண்ட, நாலு மூட்டை தூக்கக்கூடிய பையன். அந்த இரண்டாவதுதான் மைக்கேலாஞ்சலோ என்று எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. எனக்கு என்னவோ நிக்கொலோவின் தேவதூதனையே அதிகம் பிடித்தது, இப்போதும் அப்படித்தான்.

அங்கிருந்து சான் பெத்ரோனியோவுக்கு நடந்தோம். 1390இல் தொடங்கிய பெருங்கோயில், முகப்பில் பளிங்கு பாதி உயரம்கூட ஏறவில்லை, மேலே வெறும் செங்கல்தான். உள்ளே தரையில் 1655இல் வானியலாளர் காசினி போட்ட நண்பகல் கோடு 66.8 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது, மேல் வளைவில் ஒரு சின்னத் துளை. நல்லவேளையாக மேகம் விலகியிருந்தது. பன்னிரண்டு மணியை ஒட்டி ஒளிவட்டம் ஒன்று தரையில் மெல்ல ஊர்ந்து வந்து கோட்டைக் கடந்தது. பூமி சுழல்வதைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான், அந்த வேகம் நிஜமாகவே தெரிகிறது. அடுத்துப் போன ஆர்க்கிஜின்னாசியோ என்ற பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தின் உடற்கூறு அரங்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1944 குண்டுவீச்சில் நொறுங்கியதைப் பழைய மரச் சிற்பங்களை இடிபாட்டிலிருந்து பொறுக்கியெடுத்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள், அதற்காகவே பார்க்கலாம்.

இப்போது சந்தைக்கு வருகிறேன். பெரிய சதுக்கத்தை ஒட்டிய நாலைந்து குறுகிய தெருக்களுக்குக் குவாத்ரிலாத்தெரோ என்று பெயர், பல நூற்றாண்டுகளாகவே கடைத்தெரு. கூரையிலிருந்து பன்றித் தொடைகள் தொங்க, பனிக்கட்டியில் மீன், பெட்டி பெட்டியாகக் காளான். அந்தத் தெருக்களில் ஒன்றான கிளாவத்தூரேயில் கடைகளின் வரிசையிலேயே சாந்தா மரியா தெல்லா வீத்தா தேவாலயத்தின் வாசல். 13ஆம் நூற்றாண்டில் ஒரு பக்தர் சகோதரக் குழு இங்கே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் மருத்துவமனை நடத்தியது. அந்த மருத்துவமனையின் தேவாலயத்துக்காக நிக்கொலோ, ஆமாம், அதே நிக்கொலோதான், களிமண்ணில் ஆளுயர உருவங்களைச் செய்து சுட்டு வைத்தார். எந்த ஆண்டில் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்பது மட்டும் நிச்சயம்.

இறந்த இயேசு தரையில் கிடத்தப்பட்டிருக்கிறார். சுற்றி ஆறு பேர். இடது ஓரத்தில் சுத்தியலோடு மண்டியிட்டிருப்பவர் நம்மை நேராகப் பார்க்கிறார். யோவான் தாடையைக் கையில் தாங்கி, அழுகையை விழுங்கிக்கொண்டு நிற்கிறார். தாய் மரியா இரண்டு கைகளையும் கோத்து இறுக்கியிருக்கிறார், வாய் கோணியிருக்கிறது. ஒருத்தி தன் தொடைகளையே விரல் பதியப் பிடித்திருக்கிறாள். வலது பக்கம் இன்னொருத்தி இந்தக் காட்சி வேண்டாம் என்று கைகளை முன்னால் நீட்டித் தடுக்கிறாள். கடைசியில் மக்தலேனா மரியா, ஓடி வந்த வேகத்தில் முக்காடும் புடவையளவு துணியும் பின்னால் பறக்க, வாயைத் திறந்து அலறுகிறாள். எழவு வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு ஓடி வருகிற பெண்ணைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் உடனே புரியும். இத்தனை வலியை இவ்வளவு அப்பட்டமாக 15ஆம் நூற்றாண்டில் ஒருவர் செய்தார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

“அக்கா, எனக்குச் சத்தம் கேக்குது” என்றாள் தங்கை. அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வழிகாட்டியும் விளக்கத்தை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் நின்றார், அதற்காக அவரை நான் என்றும் மறக்க மாட்டேன். பிறகுதான் சொன்னார், இதைப் பார்க்க வந்தவர்கள் மருத்துவமனையில் கிடந்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான் என்று. சாவை அன்றாடம் பக்கத்தில் வைத்திருந்தவர்கள். கலை தெரிந்த பிரபுக்களுக்காகச் செய்ததல்ல. அதனால்தான் இதை ஃப்ளாரன்ஸின் எந்தப் பளிங்குச் சிலையையும்விட மேலாக நான் வைக்கிறேன்.

வெளியே வந்தால் மறுபடியும் சந்தை இரைச்சல், பசி. அங்கேயே மொர்ட்டடெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சி, பார்மிஜானோ ரெஜானோ சீஸ், ரொட்டி, பேரிக்காய் எல்லாம் வாங்கினோம். பார்மிஜானோ வட்டு ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ, அதற்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் போகிறது, 12 மாதமாவது பழுக்க வேண்டும். 24 மாதமும் 36 மாதமும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தோம். இரண்டாவதில் பல்லில் நறநறக்கும் மணிகளும் ஒரு காரமும் இருந்தன. பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஓஸ்தெரியா தெல் சோலேவுக்குப் போனோம். 1465லிருந்து இருக்கிற மதுக்கடை, உள்ளே சாப்பாடு விற்பதில்லை. குடிக்க ஏதாவது வாங்கினால் போதும், சாப்பாட்டை நாமே கொண்டுபோய் நீளமான மர மேசையில் பிரித்துவைத்துச் சாப்பிடலாம். பக்கத்து மேசையில் சீட்டாடிக்கொண்டிருந்த தாத்தாக்கள் எங்கள் பேரிக்காயையும் சீஸையும் பார்த்து, சரியான ஜோடி என்று தலையாட்டினார்கள்.

பிற்பகலில் பாஸ்தா. மாவு விரிக்கும் பெண்களை இங்கே ஸ்ஃபோலினா என்கிறார்கள், ஊரில் அவர்களுக்குத் தனி மரியாதை. எங்களுக்குக் காட்டியவர் அறுபதைத் தாண்டியவர். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பிசைந்து ஊறவைத்த உருண்டையை ஒரு மீட்டர் நீள உருட்டுக்கட்டையால் மரப்பலகையில் விரிக்க விரிக்க, அடியில் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகிவிட்டது. மரத்தில் விரித்தால்தான் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், குழம்பு ஒட்டும், இயந்திரத்தில் போட்டால் வழுக்கிவிடும் என்றார். மடித்துக் கத்தியால் நறுக்கினால் தல்யத்தெல்லே என்ற நாடா பாஸ்தா. அதன் அகலத்துக்கும் இங்கே விதி உண்டு: வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், அதாவது ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. தங்கத்தில் ஒரு மாதிரியே செய்து 1972இல் வணிகச் சபையில் வைத்துவிட்டார்கள். இறைச்சிக் குழம்பான ரகூவின் செய்முறையை 1982இல் அதே சபையில் பதிவு செய்தார்கள், 2023இல் புதுப்பித்தார்கள். பூண்டு இல்லை, தக்காளி கொஞ்சம்தான், விரும்பினால் பாலும் சேர்க்கலாம், ஸ்பகெட்டியோடு அதைப் பரிமாறுவது இங்கே வழக்கமில்லை. இரவு சாப்பாட்டில் அதைத்தான் சாப்பிட்டேன். நாம் பழகிய சிவந்த குழம்பு இல்லை இது, பழுப்பு நிறம், மணிக்கணக்கில் வெந்த இறைச்சியின் இனிப்பு. இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தங்கை முட்டை சாப்பிடுவாள், கறி மீன் தொடமாட்டாள். அவளைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோர்த்தெல்லினி என்கிற பூரணம் வைத்த குட்டிப் பாஸ்தா என்றால் உள்ளே பன்றி இறைச்சிதான், அது மிதக்கும் சாறும் கோழியில் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிதான தோர்த்தெல்லோனியில் ரிக்கோட்டா சீஸ் வைத்து, வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். அவள் அதைச் சாப்பிட்டு முடித்த வேகத்தைப் பார்த்து நான் ரகூவிலிருந்து தலைதூக்கினேன். பார்மிஜானோவில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது, கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். முன்பதிவின்போதே இதை எழுதிச் சொல்லிவிடுங்கள். சிறு குழுக்காரர்கள் தனியாக ஏற்பாடு செய்கிறார்கள், அன்று சந்தையில் அவளுக்கென்றே வறுத்த கத்திரிக்காயும் ஆலிவும் வாங்கி வைத்திருந்தார் வழிகாட்டி.

சாய்ந்த கரிசெந்தா கோபுரத்தை 2023 அக்டோபரில் மூடிச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், பக்கத்தில் இருக்கும் அசினெல்லியின் 498 படி ஏறும் ஆசையும் எங்களுக்கு நிறைவேறவில்லை. படி ஏறியே தீர வேண்டும் என்பவர்கள் சான் லூக்கா குன்றுக்குப் போகலாம், ஏறத்தாழ நாலு கிலோமீட்டர், 666 வளைவுகள், மேலே வரைக்கும் கூரை உண்டு.