ஆறு துளை இருந்தால் போதாது

ஒன்ராறியோவில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். வீடு திருத்தும் வேலைக்காக 2016ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். இங்கு பனிக்கால ரயர் கட்டாயமில்லை. ஆனாலும் பலர் அதற்கென்று நான்கு சில்லுகளைத் தனியாக வைத்திருந்து, குளிர் தொடங்கும்போது முழுச் சில்லையே மாற்றிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே செய்ய எண்ணி, ரயரோடு சேர்ந்த நான்கு அலோய் சில்லுகளை ஒருவரிடம் வாங்கினேன். ஆறு துளைகள் இருந்தன. என் வாகனத்திலும் ஆறு திருகாணிகள் இருந்தன. அதற்குமேல் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தெரியவில்லை.

சில்லு ஏறவில்லை. தட்டினால் ஏறிவிடும் என்றார் உடன் நின்ற நண்பர். நல்லவேளையாக, பக்கத்துக் கராஜில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். "தம்பி, ஓட்டையை எண்ணி வாங்கக்கூடாது, அளந்து வாங்கவேணும்" என்று சொல்லி, ஒரு திருகாணியின் வெளிவிளிம்பிலிருந்து நேரெதிர்த் திருகாணியின் உள்விளிம்புவரை நாடாவைப் பிடித்துக் காட்டினார். எஃப்-150இன் திருகாணி வட்டம், அதாவது திருகாணிகளின் நடுப்புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம், 135 மில்லிமீற்றர். நான் வாங்கியது செவ்ரோலெற் சில்வராடோ பிக்கப் போன்ற வாகனங்களுக்கான 139.7 மில்லிமீற்றர்ச் சில்லு. ஒவ்வொரு துளையும் 2.35 மில்லிமீற்றர் விலகி நின்றது. ஊரில் தச்சர் மாட்டுவண்டிச் சில்லை அந்த அச்சுக்கென்றே செய்து கொடுத்ததையும், சில்லின் நடுவிலுள்ள குடம் சரியாக இராவிட்டால் வண்டி ஓடாதென்று அப்பா சொன்னதையும் அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வாங்கியபோது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். இந்த வாகனத்தின் குடம், அதாவது சில்லின் நடுத்துளைக்குள் புகும் பகுதி, 87.1 மில்லிமீற்றர் விட்டமுடையது. சில்லின் நடுத்துளை அதைவிடப் பெரிதானால், இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்றைப் போட்டுச் சில்லை நடுவில் நிறுத்த வேண்டும். கம்பனிச் சில்லின் ஒப்செற், அதாவது சில்லு அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து குடத்தில் பொருந்தும் முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும் தூரம், 44 மில்லிமீற்றர். அதே அகலத்தில் ஒப்செற் குறைந்த சில்லைப் பூட்டினால் ரயர் வெளியே தள்ளி நிற்கும், திருப்பும்போது உரசவும் கூடும், சில்லைச் சுழலவிடும் தாங்கிகளிலும் சுமை ஏறும். பார்வைக்கு அது கம்பீரமாக இருக்கலாம். சுமையேற்றும் வாகனத்துக்கு நான் அதை விரும்பமாட்டேன். ஜிப்சம் பலகைகளை ஏற்றிச் செல்பவன் என்பதால், கதவோரத்து ஒட்டியில் உள்ள பின் அச்சின் சுமை அளவில் பாதியையாவது ஒவ்வொரு சில்லும் தாங்குமா என்பதையும் பார்த்தேன்.

நட்டுகளிலும் கவனம் தேவை. 2015 முதல் வந்த எஃப்-150இல் திருகாணிப் புரியின் இடைவெளி 1.5 மில்லிமீற்றர், அதற்கு முந்தியவற்றில் 2 மில்லிமீற்றர் என்பதால் பழைய வாகனத்தின் நட்டு இதற்கு உதவாது. சில்லின் துளை கூம்பு வடிவமானால் நட்டின் அடியும் கூம்பாகவே இருக்க வேண்டும், இல்லையேல் அது முழுமையாகப் படியாது.

பூட்டும் நாளில் அண்ணை முதலில் செய்தது, வீதியில் கொட்டும் உப்பினால் குடத்தின் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றியதுதான். துருவின் மேல் இறுக்கினால், அது நொறுங்கியதும் இறுக்கம் தளர்ந்துவிடும். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி, கடைசியில், குறித்த இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று ஒலிக்கும் ரோர்க் ரென்ச்சினால் 150 இறாத்தல்-அடிக்கு இறுக்கினோம். காற்றழுத்தத்தால் நட்டை முடுக்கும் துப்பாக்கியால் கடைசி இறுக்கத்தைச் செய்ய அவர் என்னை விடவில்லை.

160 கிலோமீற்றருக்குள் மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து, வாகனத் தரிப்பிடத்தின் குளிரில் நின்று இருபத்துநான்கு நட்டுகளையும் சோதித்தேன். பின் இடப்பக்கச் சில்லில் இரண்டு நட்டுகள் சற்றுத் திரும்பிய பின்னரே ரென்ச் 'கிளிக்' என்றது.